பக்கத்தை வாங்கியது யார்? லினக்ஸ் கருனியின் நினைவகக் கணக்கு

கெர்னல் எனப்படும் கருனி, கணினியின் நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்துக் கையாளுகிறது. எக்ஸ்86 கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். ஒவ்வொரு பக்கத்துக்கும் 'ஸ்ட்ரக்ட் பேஜ்' என்ற ஒரு சிறு பதிவு உண்டு. 64-பிட் கணினிகளில் அதன் அளவு பெரும்பாலும் 64 பைட். 16 ஜிபி நினைவகத்தில் ஏறத்தாழ 42 லட்சம் பக்கங்கள் இருப்பதால், இந்தப் பதிவுகளுக்கே 256 எம்பி போய்விடுகிறது. அப்படியும் அந்தப் பதிவு, பக்கத்தின் நிலையையும் அதை எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறார்கள் என்பதையும்தான் சொல்லும். கருனியின் எந்த நிரற்பகுதி அதைக் கேட்டு வாங்கியது என்று சொல்லாது.

பலரும் முதலில் பார்ப்பது 'மெம்இன்ஃபோ' கோப்பைத்தான். காலி நினைவகம், கோப்புத் தேக்ககம், ஸ்லாப், பக்க அட்டவணை என்று அதில் வரிகள் நிறைய. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மொத்தத்துக்கு வந்து சேராது. ஒரு டிரைவர் 'அலாக் பேஜஸ்' வழியாக நேரடியாகப் பக்கங்களை வாங்கினால், அவை எந்த வரியிலும் தனியாகத் தெரிவதில்லை. இது வெறும் கூட்டல் பிழை அன்று. அந்த டிரைவரில் கசிவு இருந்தால் சேவையகத்தின் நினைவகம் நாள்தோறும் கரையும். கடைசியில் கருனி, அதிக நினைவகம் வைத்திருக்கும் ஒரு பயனர் நிரலைக் கொல்லும். தவறு டிரைவருடையது, சாவது தரவுத்தளம். பயனர் நிரல்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு நினைவகம் வைத்திருக்கிறது என்பதை 'ஸ்மேப்ஸ்' கோப்பு நுணுக்கமாகக் காட்டுகிறது. கருனி தன் செலவில் அந்த நுணுக்கத்தைக் காட்டவில்லை என்பதே முதல் குறை.

இந்தக் குறையைப் போக்க 2015-இல் வெளியான 3.19 பதிப்பில் 'பேஜ் ஓனர்' வசதி சேர்க்கப்பட்டது. பக்கம் ஒதுக்கப்படும்போதே, அதைக் கேட்ட செயற்கூறு எது, அதை அழைத்தது எது என்று முழு அழைப்புச் சங்கிலியையும் அது குறித்துவைக்கிறது. ஒரே சங்கிலியில் வந்தவற்றை 'பேஜ் ஓனர் சார்ட்' என்ற சிறு நிரல் தொகுத்து எண்ணித் தரும். கசிவின் ஊற்றுக்கண் பல நேரங்களில் அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே இருக்கும். நல்ல கருவிதான்.

ஆனால் கணினி தொடங்கும்போதே 'பேஜ் ஓனர்' என்ற அளவுருவைக் கொடுத்து அதை இயக்க வேண்டும். சிக்கல் வந்தபின் இயக்க வழியில்லை. மறுதொடக்கம் செய்தால் கசிந்த பக்கங்களும் மறைந்துவிடும். மீண்டும் கசியும் வரை காத்திருக்க வேண்டியதுதான். திருடன் வருவான் என்று முன்பே தெரிந்தவனுக்கு மட்டும் உதவும் காவல் இது.

பெயரும் சற்று ஏமாற்றுகிறது. 'ஓனர்' என்றாலும் அது காட்டுவது உரிமையாளரை அன்று, முதலில் வாங்கியவரை. பிணைய அட்டையின் டிரைவர் வாங்கிய பக்கம், வந்த தரவோடு வேறொரு பகுதியின் கைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாலும் கணக்கில் டிரைவரின் பெயரே நிற்கும். ஸ்லாப் பக்கங்களில் குழப்பம் இன்னும் அதிகம். சிறு பொருள்கள் பல ஒரே பக்கத்தைப் பகிர்கின்றன. இடம் போதாமல் புதுப் பக்கம் வாங்கத் தூண்டியவர் யாரோ, அவர் தலையில் முழுப் பக்கமும் விழுகிறது. அதில் அவருடைய பொருள் ஒன்றே ஒன்று இருக்கலாம். பட்டியலின் முதல் பெயரைக் கண்டதும் குற்றவாளி அகப்பட்டான் என்று மாணவர்கள் முடிவுகட்டுவது இங்கேதான் தவறாகிறது.

2024-இல் 6.10 பதிப்போடு வந்த நினைவக ஒதுக்கீட்டு விவரணம் வேறு வழியில் போகிறது. ஒதுக்கீடு கேட்கும் ஒவ்வொரு நிரல்வரிக்கும் ஓர் எண்ணி வைத்து, எத்தனை பைட், எத்தனை ஒதுக்கீடு என்பதை 'அலாக்இன்ஃபோ' கோப்பில் காட்டுகிறது. ஸ்லாப் பொருள்களும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. அன்றாடப் பயன்பாட்டிலுள்ள கணினிகளிலும் இயக்கிவைக்கத்தக்க அளவுக்குச் சுமையைக் குறைப்பதே இதன் நோக்கம். எனவே முன்னறிந்தவனுக்கே உதவும் என்ற குறை இங்குப் பெரிதும் தணிகிறது. ஆனால் அது சொல்வது நிரல்வரியை மட்டுமே. அந்த வரிக்கு எந்த வழியாக வந்தார்கள் என்பதைச் சொல்லாது. பல இடங்களிலிருந்து அழைக்கப்படும் பொதுச் செயற்கூறு ஒன்றில் எண்ணிக்கை ஏறினால், அழைத்தவரைத் தேட மறுபடியும் பேஜ் ஓனரிடம்தான் போக வேண்டும். அதற்கு மறுதொடக்கமும் வேண்டும்.