பெயருக்குக் கறார், அளவுக்குத் தாராளம்

கிளஸ்டரில் வேலை அனுப்பும் மென்பொருள்களின் கையேடுகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். வேலைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதில் இவை பழைய காலத்துத் தலைமையாசிரியர் மாதிரி கறாராக இருக்கின்றன. அதே வேலைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று எழுதும் இடத்தில், வெறும் எண்ணைக் கொடுத்தாலும் மறுகேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கின்றன. பெயர் தப்பினால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. அளவு தப்பினால் ஒரு மாணவரின் வாரக்கடைசி போய்விடும், இன்னொருவரின் வேலை வரிசையில் கிடந்து காயும். கறார் எங்கே வேண்டுமோ அங்கே இல்லை என்பதுதான் இந்தக் குறிப்பின் புகார்.

பிழைப்புக்கு நான் எழுதுவது வேறு வகை மென்பொருள். கிளஸ்டர் பக்கம் போவது சொந்த ஆராய்ச்சிக்காக மட்டும். அதனால் ஒரே ஷெட்யூலரில் ஊறிப்போன பழக்கம் எனக்கு இல்லை. ஒன்றுக்கு எழுதிய ஸ்கிரிப்டை இன்னொன்றுக்கு மாற்றும்போதுதான் இந்த வேறுபாடுகள் சோற்றில் கல் மாதிரி கடிபடுகின்றன.

முதலில் கொஞ்சம் பின்னணி. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில், யார் வேலை எப்போது எந்த நோடில் ஓடும் என்று தீர்மானிப்பது ஷெட்யூலர். 1990களில் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில் உருவான பிபிஎஸ், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்த ஸ்லர்ம், இப்போது ஐபிஎம் கையில் இருக்கும் எல்எஸ்எஃப், ஒரு காலத்தில் சன் நிறுவனம் வளர்த்த கிரிட் எஞ்சின் ஆகியவை இதில் பெரிய பெயர்கள். நாம் எழுதித்தரும் நேர அளவு இவற்றுக்கு ஒரு வாக்குறுதி மாதிரி. பெரிய வேலை ஒன்று நோடுகள் காலியாகக் காத்திருக்கும்போது, இடையில் கிடைக்கும் சந்தில் சின்ன வேலைகளை நுழைத்துவிடுவார்கள். பேக்ஃபில் என்று பெயர். எந்த வேலை அந்தச் சந்தில் அடங்கும் என்பதை நாம் சொன்ன நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதிகமாகச் சொன்னால் சந்து கிடைக்காது. குறைவாகச் சொன்னால் நேரம் முடிந்ததும் வேலையைக் கொன்றுவிடுவார்கள். ஆக, அந்த ஒரு எண் மேல் நிறைய நிற்கிறது.

பெயரின் கதை

பேட்ச் வேலைகளுக்கான போசிக்ஸ் விதியில் வேலையின் பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும், முதல் எழுத்து ஆங்கில அகரவரிசை எழுத்தாக இருக்க வேண்டும். பிபிஎஸ் அந்த மரபில் வந்தது. பிற்காலப் பதிப்புகளில் எல்லையை 200 எழுத்துக்கு மேல் தளர்த்திவிட்டார்கள். கிரிட் எஞ்சினில் பெயர் இலக்கத்தில் தொடங்கக் கூடாது. சாய்கோடு, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, கேள்விக்குறி எதுவும் உள்ளே வரக் கூடாது.

இவை வீண் கெடுபிடி என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. வேலையின் வெளியீட்டுக் கோப்புக்கு வேலையின் பெயரையே வைக்கிறார்கள். அதில் சாய்கோடு வந்தால் கோப்பின் பாதையே மாறிப்போகும். ஒரு வேலையை நீக்கும்போது எண்ணையும் தரலாம், பெயரையும் தரலாம் என்றால், இலக்கத்தில் தொடங்கும் பெயர் எண்ணோடு குழம்பும். குபெர்நெட்டிஸில் இன்னும் வெளிப்படையான உதாரணம் உண்டு. குறித்த நேரத்தில் திரும்பத் திரும்ப ஓடும் கிரான்ஜாபின் பெயர் 52 எழுத்தைத் தாண்டக் கூடாது. அது என்ன 52? அது உருவாக்கும் ஒவ்வொரு வேலைக்கும் பெயரின் பின்னால் தானாக 11 எழுத்து ஒட்டிக்கொள்ளும். வேலையின் பெயருக்கு எல்லை 63. கழித்தால் 52.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இந்த விதிகள் எல்லாம் மென்பொருளின் சௌகரியத்துக்காக எழுதப்பட்டவை. அது குழம்பக்கூடிய இடங்களில் எல்லாம் காவல் போட்டிருக்கிறார்கள். விதியை மீறினால் அந்த நொடியே பிழைச்செய்தி வரும், பெயரை மாற்றி மறுபடி அனுப்புவோம், கதை முடிந்தது. நாம் குழம்பக்கூடிய இடத்தில் இப்படி ஒரு காவல் உண்டா என்று பார்ப்போம்.

அளவின் கதை

நேர அளவாக வெறும் 10 என்று எழுதுங்கள். ஸ்லர்முக்கு அது 10 நிமிடம். எல்எஸ்எஃபுக்கும் 10 நிமிடம். பிபிஎஸுக்கும் கிரிட் எஞ்சினுக்கும் 10 விநாடி. இனி 2:00 என்று எழுதிப் பாருங்கள். எல்எஸ்எஃபில் அது 2 மணி நேரம். பிபிஎஸிலும் ஸ்லர்மிலும் 2 நிமிடம்.

பிபிஎஸையும் எல்எஸ்எஃபையும் தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. பிபிஎஸில் வலது ஓரத்து எண் எப்போதும் விநாடி. எல்எஸ்எஃபில் எப்போதும் நிமிடம். ஒரு தடவை புரிந்துகொண்டால் போதும். ஸ்லர்மின் சங்கதி வேறு. அங்கே ஒற்றை எண் என்றால் நிமிடம். ஒரு முக்காற்புள்ளி வந்தால் நிமிடமும் விநாடியும். இரண்டு வந்தால் மணி, நிமிடம், விநாடி. நாளைக் குறிக்க முன்னால் ஒரு எண்ணும் ஒரு சிறுகோடும் சேர்த்தால் எல்லாம் இடம் மாறிவிடும்: கோட்டை அடுத்து வருவது மணி, அதற்கு அடுத்தது நிமிடம். இதன் விளைவு என்ன தெரியுமா? 2:00 என்றால் 2 நிமிடம். 0-2:00 என்றால் 2 மணி நேரம். பூஜ்யம் நாள் என்று முன்னால் சேர்த்ததும் அளவு 60 மடங்காகிறது. பூஜ்யத்தைச் சேர்த்து எதையும் பெருக்க முடியாது என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதுப்பாடம்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஸ்லர்ம் நேரத்தை நிமிடக் கணக்கில்தான் வைத்துக்கொள்கிறது. விநாடி மிஞ்சினால் அடுத்த நிமிடத்துக்கு ஏற்றிவிடும். 2:30 என்று எழுதினால் கிடைப்பது 3 நிமிடம். கடைசியில் கடைப்பிடிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் விநாடிக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2:00ஐ இரண்டு மணி என்று படிக்கவிடாமல் தடுப்பது அந்த ஒதுக்கீடுதான்.

ஒரே மென்பொருளுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. ஸ்லர்மில் நேர எல்லைக்கு வெறும் எண் என்றால் நிமிடம். வேலை எப்போது தொடங்கலாம் என்று சொல்லும் ஆப்ஷனில் 'இப்போதிலிருந்து 60' என்று எழுதினால் அது 60 விநாடி. இன்னொரு வேலை தொடங்கி இவ்வளவு நேரம் கழித்து இதைத் தொடங்கு என்னும்போது மறுபடி நிமிடம். வேலை முடிய இவ்வளவு நேரம் இருக்கும்போது ஒரு சிக்னல் அனுப்பு என்னும்போது மறுபடி விநாடி. 1-12 என்ற எழுத்துக்கோவை நேர எல்லையில் ஒன்றரை நாள், வேலைத்தொகுப்பில் 1 முதல் 12 வரை. இத்தனைக்கும் தொடக்க நேர ஆப்ஷனில் மணி என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே எழுதலாம், ஏற்றுக்கொள்ளும். நேர எல்லைக்கு ஆவணம் பட்டியலிடும் வடிவங்களில் அந்தச் சொல் இல்லை. வாசலில் தெரிந்த ஆளைக் கொல்லையில் தெரியாது என்கிற கதை.

நினைவகத்துக்கு வருவோம். வெறும் 4000 என்று எழுதினால் ஸ்லர்முக்கு 4000 மெகாபைட். பிபிஎஸுக்கு 4000 பைட். எல்எஸ்எஃபில் அலகு என்ன என்பதை அந்தந்த இடத்து நிர்வாகி ஒரு கோப்பில் வைத்திருக்கும் அமைப்பு முடிவு செய்யும். கிரிட் எஞ்சினில் ஸ்மால் ஜி போட்டால் ஆயிரத்தின் அடுக்கு, கேப்பிட்டல் ஜி போட்டால் 1024இன் அடுக்கு. நாலு ஜி என்று வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். எழுத்தில் சுமார் 29.5 கோடி பைட் வித்தியாசம்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது பூஜ்யம். ஸ்லர்மில் நினைவகம் 0 என்றால் நோடில் உள்ள மொத்த நினைவகமும் வேண்டும் என்று அர்த்தம். நேரம் 0 என்றால் எல்லையே வேண்டாம் என்று அர்த்தம். ஒன்றும் வேண்டாம் என்பதற்கும் எல்லாம் வேண்டும் என்பதற்கும் ஒரே குறி. மனிதர் கையால் எழுதினால் பரவாயில்லை. ஆனால் இந்த எண்ணைப் பெரும்பாலும் ஒரு ஸ்கிரிப்ட் கணக்கிட்டுத் தருகிறது. 500 மெகாபைட்டை 1024ஆல் வகுத்து ஜிகாபைட் ஆக்கச் சொன்னால் ஷெல்லின் முழுஎண் கணக்கில் வரும் விடை 0. அரை ஜிகாபைட் போதும் என்ற வேலை, ஒரு முழு நோடின் நினைவகத்தையும் கேட்டு வரிசையில் உட்கார்ந்துவிடும். தடுக்க ஆள் இல்லை.

குபெர்நெட்டிஸ் பின்னால் வந்தது, ஆயிர அடுக்கையும் 1024 அடுக்கையும் தனித்தனிக் குறிகளாகப் பிரித்துவிட்டது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஸ்மால் எம் என்றால் அங்கே மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. சிபியுவுக்கு அது பொருந்தும். 100 எம் என்றால் சிபியுவில் பத்தில் ஒரு பங்கு. நினைவகத்துக்கு 400 எம் என்று எழுதினால்? 0.4 பைட். ஒரு பைட்டில் பாதிகூட இல்லை. இப்படி எழுதுகிறவர் மெகாபைட்டைத்தான் நினைத்திருப்பார் என்று அதன் ஆவணமே சொல்கிறது. பெயரில் ஒரு கேப்பிட்டல் எழுத்து வந்தால் உடனே நிராகரிக்கும் மென்பொருள் இது. தமிழில் பெயர் வைக்கவும் வழியில்லை. 0.4 பைட்டுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது.

யாருக்கு நஷ்டம்

வெள்ளிக்கிழமை மாலை ஒரு ஆராய்ச்சி மாணவி ஐந்து வேலைகளைச் சங்கிலியாகக் கோர்த்து ஸ்லர்முக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலைக்கு 2:00. அது இரண்டு நிமிடத்தில் கொல்லப்படும். அடுத்தது 'முந்தியது வெற்றி பெற்றால் தொடங்கு' என்று எழுதப்பட்டது. அந்த நிபந்தனை இனி நிறைவேறவே போவதில்லை என்ற குறிப்போடு வரிசையில் கிடக்கும். அதற்குப் பின்னால் உள்ளவையும் ஓடாது. கொல்லப்பட்ட வேலை விட்டுச்செல்லும் செய்தியில் எந்த நோடில், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ரத்தானது என்பதெல்லாம் இருக்கும். நேர எல்லையால் ரத்து என்றும் இருக்கும். எல்லை எவ்வளவு என்பது மட்டும் இருக்காது. திங்கள் காலை அவர் தன் நிரலில்தான் கோளாறு தேடுவார்.

'கையேட்டைப் படித்திருக்க வேண்டும்' என்று சொல்லிவிடலாம். மளிகைக் கடையில் போய் 'ரெண்டு கொடுங்க' என்றால், கடைக்காரர் 'ரெண்டு கிலோவா, ரெண்டு பாக்கெட்டா?' என்று கேட்பார். வாடிக்கையாளர் விலைப்பட்டியலைப் படிக்கவில்லை என்று அவர் கோபித்துக்கொள்வதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உலகம் முழுக்கப் பழைய ஸ்கிரிப்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்று 2:00இன் பொருளை மாற்றினால் அத்தனையும் கெடும். உண்மை. நான் பொருளை மாற்றச் சொல்லவில்லை. வேலையை அனுப்பியதும் 'வேலை சமர்ப்பிக்கப்பட்டது' என்று ஒரு எண்ணை மட்டும் காட்டுகிறார்களே, அதோடு இன்னொரு வரி போதும்: 'நேர எல்லை 2 நிமிடம், நினைவகம் 4000 மெகாபைட்'. புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான். குபெர்நெட்டிஸில் பின்னாளில் அந்தப் பின்ன பைட்டுக்கு ஒரு எச்சரிக்கை வரி சேர்த்தார்கள். பழையது எதையும் உடைக்கவில்லை.

'அதை அந்தந்த நிர்வாகி செய்யலாமே' என்பார்கள். ஸ்லர்மில் வேலை வந்ததும் சோதித்துப் பார்க்க லுவாவில் ஒரு சின்ன நிரல் எழுதி மாட்டலாம், பயனருக்குச் செய்தியும் அனுப்பலாம். ஆனால் நேர எல்லை அந்த நிரலின் கைக்கு வரும்போது நிமிடமாக மாற்றப்பட்டு வெறும் 2 ஆகத்தான் வரும். அவர் 2 என்று எழுதினாரா, 2:00 என்று எழுதினாரா என்று அங்கே தெரியாது. சந்தேகம் எழுத வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகுதான் காவல்காரனை நிறுத்த முடிகிறது. திருப்பிச் சொல்லும் பொறுப்பு மென்பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். நேரத்தை எப்போதும் மூன்று பகுதியாக, 02:00:00 என்று எழுதுங்கள். ஸ்லர்ம், பிபிஎஸ், கிரிட் எஞ்சின் மூன்றிலும் அது இரண்டு மணி நேரம்தான். எல்எஸ்எஃபுக்கு மட்டும் 120 என்று நிமிடத்தில் கொடுங்கள். நினைவகத்துக்கு அலகு இல்லாமல் எண் எழுதாதீர்கள். கிரிட் எஞ்சின் என்றால் கேப்பிட்டல் எழுத்து. ஸ்கிரிப்ட் கணக்கிடும் எண் பூஜ்யமா என்று அனுப்பும் முன் ஒரு வரியில் சோதியுங்கள். வேலையின் பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.