பசித்த கல்லும் பொதுமொழியும்

தேற்றாத்தீவிலும் களுவாஞ்சிகுடியிலும் தாகூரைப் படிக்கும் நம் மாணவருக்கு அவர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் கைவழியாகவே வந்து சேர்ந்திருக்கிறார். வங்கமொழி கற்று நேரே தமிழாக்கிய த. நா. குமாரசாமி போன்றோர் விதிவிலக்கு. வங்கத்துக்கும் மட்டக்களப்புக்கும் நடுவே இலண்டன் ஏன் தரகனாக நிற்க வேண்டும்? இக்கேள்விக்குத் தம் உழைப்பால் விடை தேடியவர் இலட்சுமீசுவர் சின்ஹா.

சாந்திநிகேதனைச் சேர்ந்த அவர் 1928இல் கைத்தொழிற் கல்வி பயிலச் சுவீடன் சென்றார். போன இடத்தில் எஸ்பராந்தோவையும் கற்றார். வார்சோவில் மருத்துவர் சாமன்ஹோவ் 1887இல் வெளியிட்ட, எந்த அரசுக்கும் சொந்தமாகாத பொதுமொழி அது. அதிலேயே சொற்பொழிவாற்றினார், 1936இல் ஓர் இந்தியனின் கண்ணில் பட்ட சுவீடனைப் பற்றி நூலும் எழுதினார். அடிமைநாட்டான் ஒருவன் ஐரோப்பாவை அளந்து எழுதுவது அந்நாளில் சிறு காரியமன்று.

தாகூர் நூற்றாண்டான 1961இல், அவருடைய கதைகளை வங்கமொழியிலிருந்து நேரே பெயர்த்த சின்ஹாவின் 'மல்சாத்தா ஷ்டோனோ' வெளிவந்தது. பொருள்: பசித்த கல். பாழடைந்த அரண்மனையிலே தங்கும் பருத்தி வரி வசூலிப்பவனின் கதையே நூலுக்குப் பெயர் தந்தது.

அந்தத் தலைப்பிலேயே நாம் சற்று நிற்க வேண்டும். எஸ்பராந்தோவில் 'சாத்தா' என்றால் வயிறு நிறைந்த. முன்னே 'மல்' என்னும் எதிர்மறை ஒட்டைச் சேர்த்தால்தான் பசித்த என்ற பொருள் பிறக்கும். கற்பவனுக்கு இச்சொற்சிக்கனம் பேருதவி; சொற்களிற் பாதியை மனனம் செய்யத் தேவையில்லை. ஆனால் 1943இன் பஞ்சத்தைக் கண்ட வங்கத்தின் மைந்தன், பசியை நிறைவின் மறுதலையாக மட்டுமே சொல்ல நேர்ந்ததை என்னென்பது! நம் மொழியில் பசி தன்னந்தனி வேராக நிற்கிறது. எஸ்பராந்தோவின் வேர்ச்சொற்களிற் பெரும்பாலானவை ஐரோப்பியருடையவை. அவர்களுக்குள்ளே அது நடுநிலை. நமக்கு அது இன்னும் கடல் கடந்த சரக்கே. சின்ஹா இதை உணர்ந்தாரோ என்னவோ, 1963இல் வங்க எஸ்பராந்தோ நிலையத்தை நிறுவினார். மொழியை வங்கத்து மண்ணிலே பயிரிட முயன்ற அச்செயலை நூலினும் மேலாக மதிக்கிறேன்.

1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் வடுவைச் சுமக்கும் நம் தீவுக்கு எஸ்பராந்தோ மருந்தாகாது. சின்ஹாவின் நேர்வழியோ ஆகும். அவ்வழியை இங்கே ம. மு. உவைஸ் முன்னரே காட்டியிருக்கிறார்: மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலைச் சிங்களத்திலிருந்தே 'கிராமப் பிறழ்வு' என அவர் தமிழாக்கினார். நம் ஆசிரியர் சங்கங்களின் வாசிப்பு வட்டங்கள் இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து விவாதிக்கட்டும்.