யாருடைய நாளில் சோறு?

வடலூர் சத்திய தருமச்சாலையில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கி வைத்த அன்னதானம் இன்றும் நடக்கிறது. அன்று மூட்டிய அடுப்பு அணையவிடாமல் காக்கப்படுகிறது. சாலை நடத்தப் பார்வதிபுரத்து மக்கள் சுமார் எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். பந்தியில் உட்காருபவர் என்ன சாதி, என்ன மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பசித்திருந்தால் போதும்.

அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல். தஞ்சை மராத்திய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் வழிப்போக்கர்களுக்குப் பேருதவியாக இருந்தன. ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரத்தில் சோற்றோடு படிப்பும் கிடைத்தது. ஆனால் அன்றைய சத்திரங்கள் பலவற்றில் பந்தி சாதிவாரியாகப் பிரிந்துதான் கிடந்தது.

சாதி கேட்கும் வழக்கம் பெருமளவு ஒழிந்துவிட்டது. இன்றைய குறை வேறு. சோறு போடும் நாளைக் கொடுப்பவரின் நாட்காட்டி முடிவு செய்கிறது.

ஆதரவற்றோர் இல்லம் எதற்காவது போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு போட வேண்டும் என்று கேட்டால், “அன்னிக்கு ஏற்கெனவே புக் ஆயிடுச்சுங்க, சாயங்காலம் டிபன் வேணா குடுங்க” என்பார்கள். பிறந்தநாள், திதி, அமாவாசை எல்லாம் ஒரே நாளில் வந்து குவியும். இலையில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, குழந்தைகள் கைதட்டி வாழ்த்துப் பாட வேண்டும். போட்டோவுக்கு நிற்க வேண்டும். பசித்த பிள்ளையிடம் நன்றியை முன்கூட்டியே வசூலிக்கும் இந்த வழக்கம் கொடுமையானது. அடுத்த செவ்வாய்க்கிழமை அரிசிக்கு அதே இல்லம் அலைய நேரிடலாம்.

கோயில்களில் 2002இல் அரசு தொடங்கிய அன்னதானத் திட்டம் இதற்கு ஓரளவு விடை கண்டது. நன்கொடைகளைத் திரட்டி, ஒருவரை மட்டும் நம்பியிராமல் அன்றாடம் சமைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான கோயில்களில் மதியம் மட்டும்தான். அதுவும் இத்தனை பேருக்கு என்ற கணக்கு உண்டு.

பள்ளிக் குழந்தைகளின் பசி மட்டும் தானத்தின் தயவிலிருந்து விடுபட்டுவிட்டது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவை 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு தர உத்தரவிட்டது. தானம் நின்றால் யாரிடமும் முறையிட முடியாது. சத்துணவு நின்றால் பெற்றோர் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். ஆனால், பேருந்து நிலையத்தில் இரவு வெறும் வயிற்றோடு படுக்கும் முதியவருக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. அங்கே தானம் இன்னும் தேவைப்படுகிறது.

எனவே கொடுக்க நினைப்பவர்கள் தேதியைச் சொல்லும் முன் இல்லத்தாரிடம் ஒன்று கேளுங்கள்: எந்த நாளில் உங்களுக்கு ஆள் இல்லை? அந்த நாளுக்குப் பணத்தைக் கட்டுங்கள். கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.