ஒரே இன்ஜின், இரண்டு ஊர்த் தூசி

1959-இல் அம்பாசடருக்குள் வந்த 1489 சிசி இன்ஜினும், யாழ்ப்பாணத்தில் வாடகைக் காராக ஓடி ஓய்ந்த ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ55-இன் இன்ஜினும் ஒன்றுதான்: பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ். கோவையில் ஒருவரும் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் பானெட்டைத் தூக்கினால் ஒரே வார்ப்பைத்தான் பார்ப்பார்கள். கார்புரேட்டரோடு சேர்ந்திருக்கும் ஏர் கிளீனருக்குப் பார்வை போனதும் இரண்டு ஊரும் பிரிந்துவிடும். இங்கே கோவையில் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஏதாவது மாட்டும் வழக்கம். அங்கே நசுங்கியதையும் தட்டி நிமிர்த்தி, ஓட்டை விழுந்த இடத்தில் பற்றவைத்து, பழையதையே வைத்துக்கொள்ளும் வழக்கம்.

தூசி மிகுந்த நாடுகளுக்கு அனுப்பிய கார்களில் அந்தக் கால பிரிட்டிஷ் கம்பெனிகள் பெரும்பாலும் ஆயில் பாத் வகையைப் பொருத்தின. அதன் வேலை எளிமையானது. உள்ளே வரும் காற்று டப்பாவின் அடியில் நிற்கும் எண்ணெய்வரை இறங்கிச் சட்டென்று மேலே திரும்புகிறது. கனமான தூசியால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது. எண்ணெயில் விழுந்து அடியில் தங்கிவிடும். தப்பிய மெல்லிய தூசியை மேலே இருக்கும் கம்பிவலை பிடித்துக்கொள்ளும். எண்ணெய் டப்பாவின் அளவுக்கோட்டுக்கு மேலே போனால் இன்ஜின் அதை உறிஞ்சிப் புகை கக்கும். குறைந்தால் தூசி நேராக உள்ளே போய் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். இதில் வாங்கி மாற்ற வேண்டிய பாகம் என்று எதுவும் கிடையாது. வலையை மண்ணெண்ணெயில் அலசி, வடிய விட்டு, அடியில் சாம்பார் வண்டல் போலத் தங்கியிருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினால் வேலை முடிந்தது.

யாழ்ப்பாணத்தில் இந்த டப்பா பட்ட பாட்டைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். 1990-க்குப் பிறகு, உள்நாட்டுப் போரில் வடக்குக்குப் பெட்ரோல் போக விடாமல் இலங்கை அரசின் பொருளாதாரத் தடை இறுகியபோது, அங்குள்ளவர்கள் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த இன்ஜின் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் ஆகாது. கைவசம் பதுக்கிய பெட்ரோலில் சில சொட்டுகளைக் கார்புரேட்டர் வாயில் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். கார்புரேட்டர் வாயில் விட வேண்டுமானால் முதலில் கழற்ற வேண்டியது ஏர் கிளீனரைத்தான். காலையில் ஒரு முறை, நோயாளியை ஏற்றப் போகும்போது ஒரு முறை என்று கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்த்துப்போக வைக்கும். அப்படி ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கும் இன்ஜினுக்குள் தீவகற்பத்தின் செம்மண் தூசியும் போனால் என்ன மிஞ்சும்? உதிரிப்பாகம் வரும் வழியும் அடைபட்டிருந்தது. தடைக்காலத்தில் ஏர் கிளீனரைக் காப்பாற்றுவது பிஸ்டனையும் ரிங்கையும் காப்பாற்றுவதாக இருந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 சாலை திறந்து பெட்ரோல் தாராளமாக வந்தது. 2020-இல் தொடங்கிய வாகன இறக்குமதித் தடையும் 2022-இன் எரிபொருள் வரிசையும், கையில் இருக்கும் வண்டியை விட்டால் வேறில்லை என்பதை மறுபடி உறைக்க வைத்தன. கடற்காற்று வேறு டப்பாவின் அடித்தகட்டை அரிக்கிறது. எண்ணெய்க் கோட்டுக்குக் கீழே ஊசித்துளை விழுந்தால்கூட அங்கே பற்றவைப்பு வேலைதான்.

கோவையின் கதை வேறு. வார்ப்பாலை, லேத், மோட்டார், பம்பு, கம்ப்ரசர் என்று எதையும் செய்து தரும் ஊர் இது. எதுவும் கிடைக்கும் ஊரில் பழையதைக் கழுவுவது வெட்டி வேலையாகத் தெரிகிறது. கைக்கு அழுக்கு, நேரத்துக்குச் செலவு. அதனால் ஆயில் பாத் டப்பா உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போகிறது. அந்த இடத்தில் ஒரு காகித ஃபில்டரோ கூம்பு ஃபில்டரோ ஸ்பாஞ்சோ வந்து உட்காருகிறது.

காகித ஃபில்டர் நல்ல பொருள், அதை மறுக்கக் கூடாது. ஆயில் பாத் நல்ல ஓட்டத்தில் 95 சதவீதத்துக்கு மேல் தூசியைப் பிடிக்கும். காகிதம் 99-ஐத் தாண்டும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது காற்றுக்கு வேகம் இல்லாததால் ஆயில் பாத் இன்னும் பின்தங்கும். என் வருத்தம் கூம்பு ஃபில்டரைப் பற்றியது. எஸ்யூ வகை கார்புரேட்டர் உள்ள வண்டியில், பெட்ரோலை அளந்து விடும் ஊசி, பழைய டப்பா தரும் காற்றுத் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தடை குறைந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடாகும். போதாததற்குத் திறந்த கூம்பு பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றையே இழுக்கும். மதுக்கரைப் பக்கத்துச் சுண்ணாம்புத் தூசி, திருப்பூர் சாலையின் பஞ்சு, பொள்ளாச்சியின் நார்த்தூள் எல்லாம் சேர்ந்தால் காகிதமும் சீக்கிரம் அடைபடும். பலர் அதைக் கம்ப்ரசரில் வேகமாக ஊதுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் காகிதம் கிழிந்த பிறகு, 99 சதவீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. கொங்கு விவசாயி தன் மாஸே பெர்குசன் டிராக்டரின் ஆயில் பாத்தை உழவு நாட்களில் தவறாமல் திறந்து பார்ப்பார். எண்ணெய் எந்தக் கோடுவரை நிற்க வேண்டும், எப்போது கழுவ வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதே வீட்டுக் கொட்டகையில் நிற்கும் தாத்தா காலத்து அம்பாசடரின் டப்பாவை மட்டும் உதவாத பழசு என்று கழற்றிப் போடுகிறார்கள். ஊரில் பழக்கத்தில் இருக்கிற வேலைதான் அது. கார் என்று வரும்போது மட்டும் கௌரவம் பார்க்கிறோம்.

அவிநாசி சாலையில் கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜிடி நாயுடு குடும்பத்தாரின் ஜீடீ கார் அருங்காட்சியகம் 2015-இல் வந்த பிறகு பழைய காரைப் பழையபடி வைத்திருக்கும் ஆசை இங்கே வளர்ந்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, 50 ஆண்டுக்கு மேலான வண்டியை மூல வடிவில் வைத்திருந்தால் 20,000 ரூபாய் கட்டணத்தில் 10 ஆண்டுக்கு விண்டேஜ் பதிவு தருகிறது. சேஸி, உடல், இன்ஜின் ஆகியவற்றைத்தான் அந்த விதி பேசுகிறது. ஏர் கிளீனரை மாற்றினால் யாரும் பதிவை மறுக்கப் போவதில்லை. அதைக் காப்பாற்றுவது சொந்தக்காரரின் கையில்தான் இருக்கிறது.

தினமும் ஓட்டுகிறவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. பழைய டப்பாவையும் காற்று நுழையும் மூக்கையும் அப்படியே வைத்து, எண்ணெயையும் வலையையும் எடுத்துவிட்டு, உள்ளளவுக்குப் பொருந்தும் காகித வளையத்தை மேலும் கீழும் ரப்பர் வளையம் கொடுத்து இறுக்கலாம். ரப்பர் சரியாக அமராவிட்டால் தூசி பக்கவாட்டில் நழுவும். கலவையையும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். கழற்றிய வலையை எண்ணெய் தடவிப் பொட்டலம் கட்டி டிக்கியில் போட்டுவைத்தால், எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாட்டிக்கொள்ளலாம். கோவை கணபதிப் பகுதியில் இருக்கும் ஒரு லேத்காரருக்கு இந்த மாற்றம் ஒரு மத்தியான வேலை.