தேறிய பிள்ளை: யாருடைய அளவுகோல்?

ஓட்டிசம் பற்றிய அமெரிக்க விவாதத்தில் ஓர் அகதியின் பங்கு சங்கடமானது. நாஜி வதைமுகாம்களிலிருந்து விடுபட்டு 1939இல் அமெரிக்கா வந்தவர் புரூனோ பெட்டல்ஹெய்ம். இப்பிள்ளைகளின் நிலையை முகாம் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டு, 1967இல் வெளியான தன் நூலில் பழியைத் தாய்மார் மீது சுமத்தினார். 1964இலேயே உளவியலாளர் பேர்னாட் ரிம்லண்ட் இது உயிரியல் சார்ந்தது என வாதிட்டிருந்தார். அவர் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பன். தாய்மாரைக் குற்றக்கூண்டிலிருந்து இறக்கியதில் பெற்றோரின் கேள்விகளுக்குப் பெரும் பங்குண்டு.

அக்கேள்விகள் 1987க்குப் பின் மங்கின. வாரம் 40 மணித்தியாலப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் 'வழமை'நிலை எய்தினர் என லொஸ் ஏஞ்சல்ஸில் இவார் லோவாஸ் அறிவித்தார். நுண்ணறிவுப் புள்ளியும் சாதாரணப் பள்ளியில் முதலாம் வகுப்புத் தேர்ச்சியுமே அவரது அளவுகோல். பிள்ளைகள் எழுமாற்றாகப் பிரிக்கப்படவில்லை. தொடையில் அடிப்பதும் பயிற்சியில் இருந்தது. அடி இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. அளவுகோல் அவ்வளவாக மாறவில்லை.

டெக்சாஸில் 2007, நியூ ஜேர்சியில் 2009, கலிபோர்னியாவில் 2011 என, காப்புறுதி நிறுவனங்கள் சிகிச்சைச் செலவை ஏற்கச் சட்டங்கள் வந்தன. அவை பெற்றோர் போராடிப் பெற்றவை, மறுப்பதற்கில்லை. தண்ணீர் கேட்கவும் வீதியைக் கடக்கவும் கற்பிப்பது பிள்ளைக்கானது. ஆனால் விருந்தினர் முன் கையை அசைக்காதே என்று பழக்குவது யாருக்கானது? 'ஊர் என்ன கதைக்கும்' என்ற எமது பழைய பயம் இங்கு விஞ்ஞானத்தின் உடையில் வருகிறது.

தமிழ் வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்ற ஆலோசனை கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. இரு மொழிகள் இப்பிள்ளைகளைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தமிழ் மட்டும் தெரிந்த அம்மம்மாவோடு பிள்ளைக்கிருந்த உறவைத்தான் இந்த ஆலோசனை துண்டிக்கிறது. மொழிக்காக நாடிழந்தோம் என்போர், பிள்ளையிடமிருந்து அதைப் பறிக்கும்போது மட்டும் ஏன் மௌனமாகிறோம்?

தானும் ஓட்டிசம் உள்ளவரான ஜிம் சின்க்ளேயர் 1993இல் பெற்றோரிடம் சொன்னது, அவர்கள் அழுவது எதிர்பார்த்து வராத பிள்ளைக்காக என்பதே. கடுமையான வார்த்தை, ஆனால் உண்மை.

சிகிச்சையை நிராகரிக்கும்படி நான் கேட்கவில்லை. இலக்கை யார் வகுத்தார், 'வேண்டாம்' என்று பிள்ளை எப்படிச் சொல்லும், சொன்னால் யார் நிறுத்துவார்? இவற்றைக் கேட்காமல் கையொப்பமிடும் பெற்றோர், ரிம்லண்ட் தொடக்கிவைத்ததைப் பாதியில் கைவிடுகிறார்கள்.