செவியின் ஐயமும் கண்ணின் தீர்ப்பும்: ‘கோலிங் போல் ரெம்பிள்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

ஓர் ஊடகத்திற்கென ஆக்கப்பட்ட படைப்பு வேறோர் ஊடகத்திற்கு மாற்றப்படும்போது கதை பெரும்பாலும் சேதமின்றி வந்து சேர்ந்துவிடுகிறது. வழியில் தவறிப்போவது அக்கதையிற் சுவைஞனுக்கு இருந்த பங்கேயாகும். இதனைப் பேரிலக்கியங்களின் திரைவடிவங்களைக் கொண்டு விளக்குவதே வழக்கம். ஆயினும், கலைப்பெருமை எதனையும் கோராத ஒரு பொழுதுபோக்குப் படத்தில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படக்கூடும். 1948இல் பிரித்தானியாவில் வெளிவந்த ‘கோலிங் போல் ரெம்பிள்’ அத்தகையதொரு படம்.

போல் ரெம்பிள் வானொலியிற் பிறந்த பாத்திரம். பிரான்ஸிஸ் டர்பிறிட்ஜ் (1912–1998) எழுதிய முதலாவது ரெம்பிள் தொடர் 1938இல் பி.பி.சி.யில் ஒலிபரப்பாயிற்று. துப்பறியும் நவீனங்களை எழுதும் ஒருவர், ஸ்கொட்லண்ட் யார்ட் திணறும் வேளைகளில் துணைக்கு அழைக்கப்படுகிறார். பத்திரிகைத் துறையிலிருந்து வந்த மனைவி ஸ்ரீவ் அவருக்கு உறுதுணையாகிறாள். 1945இல் ஒலிபரப்பான தொடரொன்றே இப்படத்தின் மூலம். படத் தயாரிப்பாளர் வானொலியை நாடியதில் வியப்பில்லை. 1946இல் பிரித்தானியத் திரையரங்குகளில் ஏறத்தாழ 163 கோடி நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. வீடுதோறும் அறிமுகமான ஒரு வானொலிப் பெயர், செலவு குறைந்த படத்துக்கும் முன்கூட்டியே இரசிகரைத் தேடித்தந்தது. டிக் பார்ட்டன் என்னும் மற்றொரு வானொலி வீரன் திரைக்கு வந்ததும் அதே 1948இலேயே.

கதை எளியது. பெண்கள் அடுத்தடுத்துக் கொலையுண்கின்றனர். கொலை நிகழ்ந்த இடங்களில் ‘றெக்ஸ்’ என்ற பெயர் மட்டும் விடப்பட்டிருக்கிறது. தடயங்கள் டாக்டர் கோஹிமா என்ற நரம்புநோய் மருத்துவரின் வாயிலுக்கும் கன்ரபெரி நகருக்கும் இட்டுச் செல்கின்றன. மக்லீன் றொஜர்ஸ் நெறியாள்கை செய்த இப்படத்தில் ஜோன் பென்ற்லி ரெம்பிளாகவும் டைனா ஷெரிடன் ஸ்ரீவாகவும் நடித்தனர். கொலையாளி யார் என்பதை இங்கு கூறுவது முறையன்று. நமது வாதத்திற்கு அது தேவையுமன்று.

வானொலித் துப்பறியும் நாடகத்தின் அடிப்படை யாது? அங்கு மாந்தர் யாவரும் குரல்களே. நல்லவனும் தீயவனும் ஒரே இருளிலிருந்து பேசுகின்றனர். ஒருவரின் உருவத்தையும் முகபாவத்தையும் கேட்பவனே படைத்துக்கொள்ள வேண்டியவனாகிறான். எனவே அவனுடைய ஐயம் எல்லார்மீதும் ஏறக்குறையச் சமமாகப் பரவுகிறது. துப்பறிபவனுக்குச் சமமான ஓரிடத்தைச் செவி அவனுக்கு அளிக்கிறது எனலாம்.

திரைப்படம் இச்சமத்துவத்தைக் குலைத்துவிடுகிறது. டாக்டர் கோஹிமாவாக நடித்தவர் இரங்கூனிற் பிறந்த ஏபிரகாம் சோஃபேர் என்ற ஆற்றல்மிக்க நடிகர். வானொலியிலும் அம்மருத்துவரின் பெயர் அவரை அந்நியராகக் காட்டும் என்பது உண்மையே. ஆயின் பெயர் சொல்லப்பட்ட கணத்தோடு ஓய்ந்துவிடும், முகம் ஓய்வதில்லை. அவர் தோன்றும் காட்சிதோறும் அவருடைய வேற்றுநாட்டுத் தோற்றமும் ஒரு சாட்சியம்போல் நம்முன் நிற்கிறது. ஆங்கில முகங்களின் நடுவே அவரைக் கண்டதும், சான்று எதுவுமின்றியே பார்வையாளன் ஐயுறத் தொடங்குகிறான். ஐயத்தை வேறு திசையில் திருப்புவது இவ்வகைக் கதைகளின் உத்தி என்று சிலர் அமைதி கூறலாம். உத்திதான், ஆனால் அந்த உத்தி எதன் வலுவில் இயங்குகிறது என்ற வினா எஞ்சவே செய்யும். பார்வையாளனிடம் ஏலவே உள்ள தப்பெண்ணத்தை மூலதனமாக்கியே அது இயங்குகிறது. கேட்பவனைச் சிந்திக்கச் செய்த கதை, பார்ப்பவனைத் தீர்ப்புக் கூறச் செய்துவிடுகிறது. இப்படத்தின் பெருங்குறை இதுவேயாகும்.

காலத்தைக் கையாள்வதிலும் இழப்பு உண்டு. வாரத்திற்கொரு பகுதியாக வந்த தொடரில் ஒவ்வொரு பகுதியும் ஓர் ஆபத்தின் விளிம்பில் முடியும். அடுத்த வாரம் வரையுள்ள இடைவெளியில் வீடுகளிலும் தொழிலகங்களிலும் நிகழ்ந்த ஊகங்களே நாடகத்தின் மறுபாதி. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் படத்தில் அந்த இடைவெளிக்கு இடமில்லை. வாரக்கணக்கில் மனத்தை அலைக்கழித்த திருப்பங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகையில் அச்சம் பிறப்பதில்லை; குழப்பமே பிறக்கிறது.

எனினும் படத்தின் பேறுகளை மறைத்தல் நீதியன்று. வானொலியில் ‘றெக்ஸ்’ என்ற சொல்லை யாரேனும் ஒருவர் உச்சரித்தே ஆகவேண்டும். அப்போது அது உச்சரித்தவரின் சொல்லாகிவிடும். திரையிலோ அது உரியவர் அற்ற எழுத்தாக, ஓசையின்றி நிற்கிறது. அந்த மௌனத்தின் அச்சம் செவிக்கு எட்டாதது. அவ்வாறே கன்ரபெரியிற் படமாக்கப்பட்ட காட்சிகளும் குறிப்பிடத்தக்கவை. 1942 யூன் மாதத்தில் ஜேர்மானியக் குண்டுவீச்சுக்கு இலக்கான நகர் அது. ஆறே ஆண்டுகளின் பின் அதன் தெருக்களைக் கமெரா பதிவுசெய்தபோது, கற்பனைக் கொலைகளின் பின்னணியில் உண்மை வரலாறொன்றும் வந்து அமர்ந்துகொண்டது. வானொலியைப் படவிளக்கம் செய்ய முனையுமிடங்களில் தளரும் படம், வானொலியால் இயலாததைச் செய்யும் இவ்விடங்களில் உயிர்பெறுகிறது.

1945 முதல் வானொலியில் ஸ்ரீவுக்குக் குரல் வழங்கியவர் மார்ஜரி வெஸ்ற்பெரி. பென்ற்லி மூன்று படங்களில் ரெம்பிளாகத் தோன்றினார். 1952இல் அவ்வரிசை முற்றுப்பெற்றது. ஆனால் இக்கதை 1968இல் மீண்டும் வானொலிக்கே திரும்பியது. அப்போது ‘றெக்ஸ்’ என்ற பெயர் ‘அலெக்ஸ்’ என மாற்றப்பட்டிருந்தது. ஸ்ரீவின் குரல் அதே வெஸ்ற்பெரியின் குரலாகவே இருந்தது. இருபத்துமூன்று ஆண்டுகள் அக்குரலுக்கு முதுமை சேர்த்தனவா என்பதைக் கேட்டோரே தீர்மானித்தனர். எந்தக் கமெராவும் அவர்களுக்காக அதைத் தீர்மானிக்கவில்லை.

மாற்றம் செய்வோர் மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்தனர் என்று வினவுவது நமது விமரிசன வழக்கு. சுவைஞனுக்கு அவர்கள் எவ்வளவு இடம் விட்டனர் என்று வினவுவதே அதனினும் பயனுடையது.