வினாவும் உடன்பாடும்: குட்யான்சனின் ஆய்வுநெறி பற்றிய ஒரு மதிப்பீடு

ஓர் அறிஞரின் வாழ்நாள் ஆய்வை மதிப்பிடப் புகுவோர், அவர் எத்துணை நூல்கள் இயற்றினார் என்பதினும், எவ்வினாவை விடாது பற்றி நின்றார் என்பதையே முதற்கண் நோக்குதல் வேண்டும். ஐஸ்லாந்தில் பிறந்து, இலண்டன் உளமருத்துவக் கழகத்தில் பல்லாண்டு பணிபுரிந்த உளவியலறிஞர் கிஸ்லி குட்யான்சன் பற்றி நின்ற வினா ஒன்றே: குற்றம் செய்யாதவர் ‘செய்தேன்’ என்று கூறுவது எதனால்?

இவ்வினா அவருக்கு ஏட்டில் பிறந்ததன்று. 1970களின் இடையில் ரெய்க்யவிக் நகரில் துப்பறியும் காவலராக இருந்தபோது, பணப்பை திருடியதாக ஐயுறப்பட்ட ஒருவரை அவரே வினவினார். அவரும் குற்றத்தை ஏற்றுக்கொண்டார். திருட்டே நிகழவில்லை என்பது பின்னரே தெரிந்தது. தம் பிழையையே தம் ஆய்வின் வித்தாகக் கொண்டமை பாராட்டற்பாலது.

இங்கிலாந்திலும் இச்சிக்கல் அந்நாளில் வெளிப்பட்டிருந்தது. 1972இல் மாக்ஸ்வெல் கான்ஃபெய்ட் என்பவர் இலண்டனில் கொலையுண்டார். வாக்குமூலங்களையே பெரிதும் சான்றாகக் கொண்டு இளைஞர் மூவர் தண்டிக்கப்பட்டனர். 1975இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. மூத்தவருக்கு வயது 18; அறிவு வளர்ச்சியோ எட்டு வயதுச் சிறுவனுக்குரியது. இவ்வழக்கு, 1984ஆம் ஆண்டின் காவல்துறை, குற்றச்சான்றுச் சட்டம் தோன்றுவதற்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. அறிவு வளர்ச்சிக் குறையுடையாரை வினவுங்கால் தக்க துணைவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்பது அதன்வழி வந்த நடைமுறை விதி.

அவ்வாண்டிலேயே குட்யான்சனின் அளவுகோலும் வெளிவந்தது. ஒரு சிறுகதை படித்துக் காட்டப்படும். பின் 20 வினாக்கள் தொடுக்கப்படும். அவற்றுள் 15, கதையில் இல்லாததை உள்ளதுபோல் காட்டித் திசைதிருப்புவன. அதன்பின், ‘பிழைபடக் கூறினீர்’ என்று கடிந்து அவ்வினாக்களையே மீண்டும் கேட்பர். முதன்முறை இணங்கியது ஓர் எண். கடிந்தபின் விடை மாற்றியது மற்றோர் எண்.

இப்பகுப்பே அவர்தம் தலையாய பங்களிப்பு என்பது எம் கருத்து. நன்னூலார் வினாவை அறுவகைப்படுத்தினார். அவற்றுள் அறிவினா என்பது ஆசிரியன் தான் அறிந்ததனை மாணாக்கனிடத்து வினவுவது. காவலர் தாம் அறியாததனையும் அறிந்தார்போல் வினவும்போது, அறியா வினா அறிவினாவின் வேடம் பூணுகின்றது. வாழ்நாள் முழுதும் ‘தவறு’ என்ற சொல்லையே கேட்டு வளர்ந்தவர், ஆசிரியன்முன் நிற்கும் மாணாக்கன்போல் ‘ஆம்’ என்கின்றார். அது நேர்விடையன்று, அச்சத்தின் வெளிப்பாடே.

ஈண்டு ஒரு குறை சுட்டுதல் வேண்டும். தவறு வினவுவோர்பால் இருப்பினும், எண் வினவப்படுவோர்மேலேயே ஏறுகின்றது. பூட்டிய அறை, உறக்கமின்மை, ‘உண்மை சொன்னால் வீட்டிற்குப் போகலாம்’ என்னும் நம்பிக்கை ஆகியவற்றை இவ்வளவுகோல் அளப்பதில்லை. பிறர் கதையை மறப்பது வேறு. தன் செயலைப் பற்றிப் பொய்யாக உடன்படுவது வேறு.

எனினும் எண்ணை எல்லைக்கோடாக்கும் போக்கிற்கு அவர் துணைபோனாரல்லர். 1985ஆம் ஆண்டு பிராட்வாட்டர் ஃபார்ம் கலவர வழக்கில் தண்டனையுற்றோர் ஒருவரின் நுண்ணறிவு ஈவு 70க்குச் சற்று மேல் இருந்தது; 1988இல் அவர்தம் மேல்முறையீடு ஏற்கப்பட்டிலது. 1991இல் அவ்வழக்கில் தீர்ப்பு நீக்கப்பட்டது. ஓர் எண்ணின் இப்புறமா அப்புறமா என்பது சான்றை ஏற்பதற்கு அளவாகாது என நீதிமன்றம் தெளிந்தது. இத்தெளிவுக்குக் குட்யான்சனின் சான்று துணைநின்றது. 1992, 2003, 2018 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவர்தம் நூல்கள், ஒருவரின் இயல்போடு சூழலையும் சேர்த்தே எண்ணுகின்றன.

ஆயினும், குறையை முதலில் கண்டறிந்தாலன்றித் துணைவர் வாரார். கண்டறிதற்குரியவரோ வினவுகின்ற காவற்றுறையினரே. ஆகலின், வினவப்படுவோரை அளந்தது போன்றே வினவுவோரையும் அளத்தல் வேண்டும். அவ்வாய்வு நிறைவுறுங்காறும், குட்யான்சனின் பணி பாதி வழி வந்த பெரும்பணி என்பதே எம் துணிபு.